மயக்க மருந்தும் மட்டக்களப்பு வாவியும்

மருத்துவ வரலாறு நம்மிடையே பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மயக்க மருந்தின் வரலாறும் இதற்கு விலக்கன்று. அதனை மட்டக்களப்பு வாவியின் கரையில் நின்று நோக்கின் வேறொரு வரலாறு புலப்படும் என்பதே நமது கருத்து.

1846 இல் பொஸ்ரனில் ஈதரும், 1847 இல் எடின்பரோவில் குளோரோபோமும் சத்திரசிகிச்சையின் நோவை அகற்றின. எனினும் 1848 ஜனவரியில், கால்நகம் அகற்றுவதற்காகக் குளோரோபோம் கொடுக்கப்பட்ட ஹன்னா கிரீனர் என்ற 15 வயது ஆங்கிலச் சிறுமி சில நிமிடங்களில் இறந்தாள். முதலிற் கெடுவது மூச்சா, இதயமா என்ற விவாதம் நெடுங்காலம் நீடித்தது. நிஸாமின் பொருளுதவியுடன் 1888, 1889 ஆகிய ஆண்டுகளில் ஆராய்ந்த ஐதராபாத் ஆணைக்குழுக்கள் மூச்சையே கவனிக்குமாறு கூறின. இதயமும் திடீரென நிலைகுலையக்கூடும் என 1911 இல் லெவி காட்டினார். மயக்குவது வேறு, மயங்கியவரைக் காப்பது வேறு என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

இக்காவலுக்கும் மருந்துகள் பயன்பட்டன. முள்ளந்தண்டில் மருந்தேற்றியபின் குருதி அமுக்கம் வீழ்ந்தால் எபெட்ரின். நாடி மந்தமானால் அத்துரோப்பீன். தயோபென்ரோன் குருதியிழந்தவரின் அமுக்கத்தை மேலும் தாழ்த்தும். 1970 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கெற்றமீனோ, மூச்சைப் பெரிதும் தடுக்காது அமுக்கத்தைத் தாங்கி நிற்கும். ஆதலின் வசதி குன்றிய நாடுகளிலும் போர்க்களங்களிலும் அது இன்றியமையாததாயிற்று. ஆயினும், நெடுநேரம் குருதியிழந்து உடலின் தாங்குதிறன் வற்றிய நோயாளியிடத்து அதுவும் பயனற்றுப் போகலாம்.

'நெடுநேரம்' என்ற இச்சொல்லிலேயே வாவியின் வரலாறு அடங்கியுள்ளது. பெரிய வைத்தியசாலை புளியந்தீவில் உள்ளது. உழவரும் மீனவரும் வாழும் ஊர்கள் பல வாவிக்கு அப்பால், படுவான்கரையில் உள்ளன. யுத்த காலத்தில் சோதனைச் சாவடிகளும் மருந்துப் போக்குவரத்துக் கட்டுப்பாடுகளும் இரு கரைகளையும் மேலும் பிரித்தன. 2014 இல் பாலம் திறக்கப்படும்வரை மண்முனைத் துறையைப் 'பாதை'யிலேயே கடக்க வேண்டியிருந்தது. பிரசவத்திற் குருதி பெருகும் தாயொருத்திக்கு, துறையிற் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் மயக்க மருந்தின் அபாயத்தைக் கூட்டுவதாகும்.

2022 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் மருந்துகள் அருகியபோது, பேராதனைப் போதனா வைத்தியசாலையிலேயே திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் இடைநிறுத்தப்பட்டன. அறிவு இருந்தது, மருந்து இருக்கவில்லை. ஆகவே, நோயாளியின் உயிர்நிலை வைத்தியரின் ஊசிமுனையில் மட்டும் தங்கியிருப்பதன்று. பாலமும், குருதி வங்கியும், தடையற்ற மருந்து விநியோகமும் அதனைத் தாங்கும் தூண்களாகும். யார் கண்டுபிடித்தார் என்பதோடு, யாரைச் சென்றடைந்தது என்பதையும் நமது மருத்துவ வரலாறு கேட்டாக வேண்டும்.