துப்பாக்கிக் குழல் தேய்மானம்

துப்பாக்கிக் குழல் தேய்மானம் என்பது வேட்டைத் துப்பாக்கி, இலக்குத் துப்பாக்கி ஆகியவற்றின் குழல், உட்புறத்தில் வெப்பம், உராய்வு, துரு ஆகியவற்றால் படிப்படியாகச் சிதைவதைக் குறிக்கும். ஒரு குழல் எத்தனை முறை குறி பிசகாமல் சுடுமோ அந்த எண்ணிக்கையே அதன் ஆயுள் எனப்படுகின்றது. சுட்டுத் தேய்ந்த குழல் பொதுவாக வெடித்துவிடுவதில்லை. குண்டுகள் இலக்கில் சிதறி விழத் தொடங்கும், அவ்வளவே. துரு அரித்த குழலின் நிலை வேறு. அது சுடுபவருக்கே ஆபத்தாகலாம். குறைவாகவே சுடப்படும் துப்பாக்கிகள் கடற்காற்றில் கிடக்கும் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் இந்த இரண்டாவது வகைக்கே கூடுதல் கவனம் தேவை.

வெப்பத்தால் தேய்தல்

எரிமருந்து எரிந்து உண்டாகும் வளிமம் ஏறத்தாழ 2,500 முதல் 3,000 பாகை செல்சியசு வரை வெப்பம் உடையது. எஃகோ ஏறத்தாழ 1,500 பாகையில் உருகிவிடும். ஆயினும் குழல் உருகுவதில்லை, காரணம் நேரக்குறைவு. குண்டு குழலைக் கடக்க ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒன்று அல்லது ஒன்றரைப் பங்கே ஆகின்றது. கணக்கிட்டுப் பார்த்தால், 5,000 முறை சுட்டுத் தேய்ந்த குழல் தன் வாழ்நாளில் வேலை செய்தது மொத்தம் ஐந்து முதல் ஏழரை நொடிகள்தாம்!

இந்தச் சிறு நேரத்தில் உட்பரப்பின் மெல்லிய படலம் மட்டும் கடுமையாகச் சூடேறி, உடனே குளிர்கின்றது. கொல்லர் இரும்பைக் காய்ச்சி நீரில் தோய்ப்பது போன்றதே இதுவும். படலம் கடினமாகி, நொறுங்கும் தன்மை பெற்று, வறண்ட ஏரியின் களிமண் போல வெடிப்பு விடுகின்றது. அடுத்தடுத்த சூட்டில் வளிமம் அவ்வெடிப்புகளின் ஓரங்களை அரித்துச் செல்கின்றது. தோட்டா அறை முடிந்து புரிகள் தொடங்கும் இடமான 'தொண்டை'யே முதலில் தேயும். குழல் ஏற்கனவே சூடாக இருக்கும்போது தொடர்ந்து சுட்டால் தேய்மானம் பன்மடங்காகும். கை வைக்க முடியாத அளவு சூடேறினால் நிறுத்தி ஆறவிடுவது இலக்குச் சுடுவோரின் வழக்கம்.

குழலின் உள்விட்டம் சிறியதாகவும் மருந்து மிகுதியாகவும் இருந்தால் ஆயுள் குறையும். .308 வின்செஸ்டர் குழல் 5,000 முறைக்கு மேலும் தாங்கக்கூடும், 6.5-284 நார்மா ஆயிரத்தை ஒட்டியே தளர்ந்துவிடும். ஈயக் குண்டும் சிறிதளவு மருந்தும் கொண்ட .22 ரைபிள் பல பத்தாயிரம் முறை சுடும். அழுத்தக் காற்றால் இயங்கும் 10 மீட்டர் ரைபிளில் எரிமருந்தே இல்லாததால் இச்சிக்கல் எழுவதில்லை. முன்பு விழுப்புரத்துடன் ஒரே தென்னார்க்காடு மாவட்டமாக இருந்த கடலூரில் 1999-இல் பிறந்த இளவேனில் வாலறிவன் போட்டியிடுவது இவ்வகை ரைபிளில்தான்.

கார்டைட்டு தந்த பாடம்

எரிமருந்தின் சேர்மானம் குழலின் ஆயுளை எவ்வளவு மாற்றும் என்பதற்குக் கார்டைட்டு சிறந்த சான்று. பிரித்தானியரின் முதல் கார்டைட்டில் 58 விழுக்காடு நைட்ரோகிளிசரின் இருந்தது. ஆழம் குறைந்த புரிகள் கொண்ட லீ-மெட்ஃபோர்டு ரைபிளின் குழல்கள் அதன் வெப்பத்தில் விரைவாக அழிந்தன. எனவே 1895-இல் ஆழமான புரிகளுடன் லீ-என்ஃபீல்டு வந்தது. 1901-இல் நைட்ரோகிளிசரின் 30 விழுக்காடாகக் குறைக்கப்பட்ட கலவை ஏற்கப்பட்டது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் நீலகிரி அருவங்காட்டில் கார்டைட்டுத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. இன்றும் இயங்கும் அத்தொழிற்சாலை 2021 முதல் மியூனிசன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் உள்ளது.

துரு

நரிக்குறவர் மக்கள் பறவைகளையும் சிறு விலங்குகளையும் வேட்டையாடப் பயன்படுத்தி வந்த நாட்டுத் துப்பாக்கியில் புரிகள் இல்லை. கரி, கந்தகம், வெடியுப்பு கலந்த மருந்தை வாய்வழியே கெட்டித்துச் சுடுவர். இதன் அழுத்தம் குறைவு என்பதால் வெப்பத் தேய்மானம் பெரிதன்று. ஆனால் எரிந்தபின் தங்கும் கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும். பழைய தோட்டாக்களின் எரியூட்டியில் பொட்டாசியம் குளோரேட்டு இருந்தது. அது விட்டுச்செல்லும் பொட்டாசியம் குளோரைடு, மரக்காணம் உப்பளத்து உப்புக்கு நெருங்கிய உறவு. எண்ணெய் இதைக் கரைக்காது. முதலில் வெந்நீரால் கழுவி, நன்கு உலர்த்தி, பிறகே எண்ணெய் இட வேண்டும். வெறும் எண்ணெய் பூசி வைத்துக் குழலை இழந்தவர் பலர்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வேட்டை பெரும்பாலும் நின்றுபோனது. திண்டிவனத்திற்குக் கிழக்கேயுள்ள கழுவேலி ஈரநிலமும் 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. எனவே பயிர்க் காவலுக்கென உரிமம் பெற்ற துப்பாக்கிகள் சுடப்படாமலே கிடக்கின்றன. தேர்தல் காலங்களில் அவற்றைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். ஒப்படைக்கும் முன் குழலின் உள்ளே எண்ணெய் இடுவதும், திரும்பப் பெற்றதும் வெளிச்சத்தில் பிடித்து உட்புறத்தைப் பார்ப்பதும் நன்று. குழிகள் விழுந்த குழலின் சுவர் அவ்விடங்களில் மெலிந்திருக்கும்; மருந்து சற்று மிகுந்தாலும் பிளந்து, தாங்கிப் பிடித்த கையைச் சிதைக்கக்கூடும். அத்தகைய குழலைச் சுட்டுச் சோதித்தல் கூடாது.

குழலை மாற்றுதல்

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியின் உறுப்புகளும் ஆயுதமே. ஆதலால் தேய்ந்த குழலை வண்டிச் சக்கரம் போல நினைத்தவுடன் மாற்ற இயலாது. உரிமம் பெற்ற ஆயுத வணிகரையே அணுக வேண்டும். மேலை நாடுகளின் போட்டியாளர்கள் குழலை ஒரு செலவுப் பொருளாகவே கருதுகின்றனர்.