தனியாகத் துப்பு துலக்காத அதிகாரி: தமிழ்க் காவல்துறைப் படங்களின் ஒரு காலகட்டம்

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும் நாட்களில் ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் நாவல்களையும் தமிழ்வாணனின் சங்கர்லால் கதைகளையும் தேடி இன்றும் வாசகர்கள் வருகிறார்கள். பழைய துப்பறியும் படங்களுக்கும் இதே வரவேற்பு உண்டு. இதைப் பழமை ஏக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. அந்தப் படங்களின் அதிகாரி எல்லாம் தெரிந்தவர் அல்லர். பிறர் வாயைத் திறந்தால்தான் அவருக்கு வழி பிறக்கும். ஈர்ப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

தொடக்கம் ஏவி.எம். தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954). பாட்டு இல்லை, நடனம் இல்லை. 1943இல் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய நாட்களில் கதை நடக்கிறது. முதல் காட்சியிலேயே குண்டடிபட்டு விழுகிறார் சிவாஜி கணேசன். ஜாவர் சீதாராமன் ஏற்ற சி.ஐ.டி. அதிகாரி ஐந்து பேரின் ஐந்து கதைகளைக் கேட்டுத்தான் உண்மையை நெருங்குகிறார். படம் வசூலில் தோற்றது. ஆனாலும் இந்த வகைக்கு அளவுகோலாக இன்றும் நிற்கிறது.

அறுபதுகளில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் வேறு பாதையில் போனது. ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) படங்களில் ஜெய்சங்கர் ஜேம்ஸ் பாண்ட் சாயலில் வந்தார். விறுவிறுப்புக்குக் குறைவில்லை; ஆனால் அந்தச் சதிகாரர்களை நம் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

தெரு திரும்பி வந்தது எண்பதுகளில். மணிவண்ணனின் ‘நூறாவது நாள்’ (1984) பெரிய அரங்குகளை நம்பாமல் எடுத்த படம். இருட்டும், சுவருக்குள் மறைத்த பிணமும், மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியுமாக வரும் சத்யராஜும் போதுமானவையாக இருந்தன. கொலையை முதலில் கனவில் காண்பவள் ஒரு பெண். அவள் சொல்வதை யாரும் நம்பவில்லை என்பதே படத்தின் பதற்றம்.

இந்த வரலாற்றின் திருப்புமுனை ‘ஊமை விழிகள்’ (1986). தரமணியில் இருந்தும் அடையாறு திரைப்படக் கல்லூரி என்றே பேர்பெற்ற நிறுவனத்தில் பயின்றவர்கள் சேர்ந்து எடுத்த படம் அது. ஆபாவாணன் எழுதித் தயாரித்தார், அரவிந்தராஜ் இயக்கினார். நடிகர் தேர்வே ஒரு விமர்சனம்போல இருக்கிறது. நேற்றைய சி.ஐ.டி. நாயகன் ஜெய்சங்கருக்குத் துப்பாக்கி தரவில்லை, பத்திரிகை ஆசிரியர் நாற்காலியைத் தந்தார்கள். கொலை மர்மப் படமான ‘அதே கண்கள்’ (1967) நாயகன் ரவிச்சந்திரனை வில்லனாக்கினார்கள். விஜயகாந்தின் டி.எஸ்.பி. தீனதயாளன் நரைத்த முடியோடு வருகிறார். செய்தியாளர்கள் உயிரைக் கொடுத்துத் திரட்டிய தகவல் இல்லையேல் அவரால் அசைய முடியாது.

இதற்குள் நிஜம் படங்களை மிஞ்சியது. திருவான்மியூர் வட்டாரத்தில் சாராயம் கடத்திய ஆட்டோ சங்கரின் கொலைகள் 1988இல் வெளிவந்தன. சில உடல்கள் வீட்டுக்குள்ளேயே புதைக்கப்பட்டிருந்தன. அந்த வழக்கின் பின்னணியில் ஆர்.கே. செல்வமணி தம் முதல் படமான ‘புலன் விசாரணை’யை (1990) எடுத்தார். பார்வையாளருக்கு அது செய்தித்தாளின் தொடர்ச்சியாகவே பட்டிருக்கும். அதிகாரிகளோடு தனக்கிருந்த தொடர்புகளைச் சங்கர் சிறையிலிருந்து எழுத, ‘நக்கீரன்’ அதை வெளியிட முனைந்தது; சிறைத்துறை எதிர்த்தது. வெளியாகும் முன்பே அதைத் தடுக்க அதிகாரிகளுக்கு உரிமையில்லை என்று 1994இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘ஊமை விழிகள்’ கற்பனையாகச் சொன்ன பத்திரிகையின் இடம் எட்டே ஆண்டுகளில் சட்டத்தின் வாசகமானது. திரைக்கும் ஊருக்கும் இவ்வளவு நெருக்கம் அதன்பின் அமையவில்லை என்றே நினைக்கிறேன்.

‘காக்க காக்க’ (2003) வந்தபோது பணமும் தொழில்நுட்பமும் பெருகியிருந்தன. அதன் அதிகாரிகளுக்குச் சாட்சியும் வேண்டாம், செய்தியாளரும் வேண்டாம். குற்றவாளி யார் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். எஞ்சியிருப்பது என்கவுன்ட்டர் மட்டுமே.