தீம் பார்க்கில் கூட்டம் இருந்தும் நஷ்டம் ஏன்? இமேஜிகா முதல் பாரிஸ் டிஸ்னிலேண்ட் வரை நடந்தது என்ன?

கோடை லீவு வந்தாலே தஞ்சாவூர், கும்பகோணம் பக்கமும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி, "தீம் பார்க் எப்போ போறோம்?" என்பதுதான். டிக்கெட் விலையைப் பார்த்தால், பார்க் நடத்துபவர்கள் கோடி கோடியாகச் சம்பாதிப்பார்கள் என்றே தோன்றும். ஆனால் பல பெரிய பார்க்குகள் கடனில் தத்தளித்திருக்கின்றன.

இமேஜிகாவுக்கு என்ன ஆச்சு?

மும்பை - புனே விரைவுச் சாலையில், கோபோலி அருகே 2013 ஏப்ரலில் திறக்கப்பட்டது இமேஜிகா. ஆட்லேப்ஸ் நிறுவனர் மன்மோகன் ஷெட்டியின் கனவுத் திட்டம் இது. அடுத்தடுத்து வாட்டர் பார்க், ஹோட்டல், ஸ்னோ பார்க் என விரிந்தது.

இதற்கெல்லாம் பெருமளவு பணம் வங்கிக் கடனாக வந்தது. 2015-ல் பங்குச் சந்தைக்குப் போனபோது முதலீட்டாளர்கள் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. பங்கு விலையைக் குறைத்து, தேதியையும் நீட்டிக்க வேண்டியதாயிற்று. எதிர்பார்த்த கூட்டமும் வரவில்லை. 2017 ஜூலையில் தீம் பார்க் டிக்கெட்டுக்கு 28% ஜிஎஸ்டி வந்தது. 2018 ஜனவரியில் அது 18% ஆகக் குறைந்தாலும், கடன் 1,000 கோடி ரூபாயைத் தாண்டி நின்றது. தவணை கட்ட முடியாத நிலையில், 2020-ல் கொரோனா வந்து கேட்டையே பூட்டியது.

கூட்டம் வந்தும் நஷ்டம் எப்படி?

டெல்டா விவசாயிக்கு இது எளிதில் புரியும். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கும் என்று நம்பி, கடன் வாங்கி உழவு ஓட்டி, நாற்று விடுகிறோம். தண்ணீர் தாமதமானால் வட்டி காத்திருக்குமா? பார்க்கிலும் அதே கதைதான். 100 பேர் வந்தாலும் 10,000 பேர் வந்தாலும் ரைடு ஓட வேண்டும், பராமரிப்பு நடக்க வேண்டும், சம்பளமும் வட்டியும் கொடுக்க வேண்டும். வருமானமோ லீவு நாளையும் வார இறுதியையும் நம்பி இருக்கிறது. மழைக்காலத்தில் கூட்டம் குறையும்.

பாரிஸிலும் இதே கதையா?

ஆமாம். 1992 ஏப்ரல் 12-ல் பாரிஸ் அருகே 'யூரோ டிஸ்னி' திறந்தது. முதல் ஆண்டில் 1.1 கோடி பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். ஐரோப்பாவில் அப்போது பொருளாதார மந்தம். வந்தவர்களிலும் பலர் ஒரே நாளில் சுற்றிவிட்டுக் கிளம்பியதால், கட்டிவைத்த ஹோட்டல் அறைகள் காலியாகக் கிடந்தன. 1993 நிதியாண்டில் மட்டும் நஷ்டம் சுமார் 530 கோடி பிராங்க்.

1994-ல் வங்கிகள் கடன் நிபந்தனைகளைத் தளர்த்தின. சவுதி இளவரசர் அல்வாலீத் பின் தலால் முதலீடு செய்தார். பெயர் 'டிஸ்னிலேண்ட் பாரிஸ்' ஆனது. 1995-ல் லாபம் பார்த்தாலும் கடன் விடவில்லை. 2014-ல் மீண்டும் மீட்புத் திட்டம். 2017-ல் கிட்டத்தட்ட எல்லாப் பங்குகளையும் டிஸ்னியே வாங்கிக்கொண்டது.

இமேஜிகா இப்போ யார் கையில்?

2022-ல் மகாராஷ்டிராவின் மால்பானி குழுமம் சுமார் 66% பங்குகளை வாங்கியது. கடன் கொடுத்த வங்கிகள் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துக் கணக்கை முடித்தன. கடன் சுமை இறங்கியதும் நிறுவனம் லாபத்துக்குத் திரும்பியது. பார்க் அதே பார்க்தான், இடமும் அதேதான். மாறியது கடன்.

நமக்கு இதில் என்ன?

வங்கி விட்டுக்கொடுக்கும் பணம், டெபாசிட் போட்ட நம்மைப் போன்றவர்களின் பணத்தில் இருந்து கடனாகப் போனதுதான். பார்க்கைப் பிடித்துப்போய் பங்கு வாங்கிய சிறு முதலீட்டாளர்களுக்கும் அடி விழுந்தது.

2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே திறந்த சென்னை வொண்டர்லா வேறு வழியில் போனது. அதை நடத்தும் நிறுவனம் பெரிய கடன் சுமை இல்லாமலே வளர்ந்தது. தமிழக அரசின் கேளிக்கை வரி விலக்கும் கைகொடுத்தது.

அடுத்த முறை பெரிய பார்க் ஒன்று பங்கு விற்க வந்தால், ரோலர் கோஸ்டர் எவ்வளவு உயரம் என்று பார்ப்பதற்கு முன்னால், கடன் எவ்வளவு உயரம் என்று பாருங்கள்.