வேர்வை காட்டிக்கொடுத்த பிபி

பிபின்னு சொன்னதும் நமக்கு ஊறுகாயும் ஆபீஸ் டென்ஷனும்தான் ஞாபகம் வரும். இன்னைக்கு நான் சொல்லப்போற கதையில குற்றவாளி ஒரு ஹார்மோன். துப்பு கொடுத்தது வேர்வை.

இரண்டாம் உலகப்போர் சமயம். பசிபிக் தீவுகளோட வெக்கைக்கு அமெரிக்கச் சிப்பாய்கள் எப்படிப் பழகறாங்கன்னு ராணுவத்துக்குத் தெரிஞ்சாகணும். மிச்சிகன் பல்கலைக்கழக டாக்டர் ஜெரோம் கான், ஆட்களைச் சூடான அறையில வச்சு வேர்வையைச் சேகரிச்சுப் பார்த்தார். உடம்பு பழகப் பழக, வேர்வையில உப்பு குறைஞ்சுகிட்டே வந்தது. சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி இருக்கே அட்ரினல் சுரப்பி, அதுல வர்ற ஏதோ ஒரு ஸ்டீராய்டு ஹார்மோன்தான் உப்பைப் பிடிச்சு வைக்குதுன்னு அவர் கணிச்சார். 1953ல சில்வியா சிம்ப்சன், ஜேம்ஸ் டெய்ட் குழு அப்படி ஒரு ஹார்மோனைத் தனியாப் பிரிச்சது. அதுதான் ஆல்டோஸ்டிரோன். (அவங்க ரெண்டு பேரும் பின்னாடி கல்யாணமும் பண்ணிக்கிட்டாங்க!)

1954ல கான்கிட்ட 34 வயசுப் பெண் ஒருத்தர் வந்தார். கைகால்ல பலமில்லை, அப்பப்போ நடக்கவே முடியாது, தசை இழுத்துக்கும். கூடவே பிபி. ரத்தத்துல பொட்டாசியம் ரொம்பக் குறைவு. கான் தன் பழைய வேலையை நினைச்சு வேர்வையைச் சோதிச்சார். உப்பு மிகக் குறைவு. வெக்கையே இல்லாம அந்த உடம்பு உப்பைச் சேமிச்சுகிட்டிருந்தது. உப்பு தங்கினா தண்ணியும் தங்கும். ரத்தத்தோட அளவு கூடி பிபி ஏறும். பதிலுக்குப் பொட்டாசியம் சிறுநீர்ல போயிடும். தசை துவண்டது அதனாலதான்.

ஏழு மாசத்துக்கும் மேல அந்தப் பெண் சோதனைகளுக்கு ஒத்துழைச்சார். நோய்க்கு என்னவோ டாக்டர் பேர்தான் வந்தது: கான் சிண்ட்ரோம். டிசம்பர்ல ஆபரேஷன். ரெண்டு அட்ரினலையும் எடுக்கறதா திட்டம். எடுத்திருந்தா ஆயுசுக்கும் ஹார்மோன் மாத்திரைதான். திறந்து பார்த்தா வலது பக்கம் ஒரு கட்டி. அதை மட்டும் எடுத்தாங்க. பிபி இறங்கிச்சு, பலம் திரும்பிச்சு.

இந்த நோய் நிறைய பேருக்கு இருக்கும்னு கான் பிறகு சொன்னப்போ பலர் நம்பலை. பொட்டாசியம் குறைஞ்சவங்களை மட்டும் சோதிச்சா போதும்னு இருந்துட்டாங்க. ஆனா இந்த நோய் இருக்கிற பலருக்குப் பொட்டாசியம் சரியாவே இருக்கும்! பிபி உள்ள எல்லாருக்கும் ஆல்டோஸ்டிரோன், ரெனின் ரெண்டையும் ரத்தத்துல பார்க்கலாம்னு அமெரிக்காவோட எண்டோகிரைன் சொசைட்டி பரிந்துரைச்சது 2025லதான்.