வாடிக்கையாளர் வரும் பாதை யார் கையில்?

வர்த்தக இணையத்தளமொன்றுக்கு வரும் பார்வையாளர் தொகை திடீரெனச் சரிந்தால் அதன் உரிமையாளர் என்ன செய்வார்? பெரும்பாலானோர் தளத்தின் தோற்றத்தை மாற்றுவர், விலையைக் குறைப்பர், விளம்பரத்துக்குப் பணம் செலவிடுவர். குறை தம்மிடத்திலா, அல்லது வாடிக்கையாளர் வரும் பாதையிலா என்று முதலில் ஆராய்பவர் சிலரே. அவ்வாறு ஆராய்ந்த ஒரு தம்பதியரின் வரலாறு, இணையத்தில் தொழில் செய்யும் எவரும் அறிந்திருக்க வேண்டியதாகும்.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஷிவோன் ராஃப், ஆடம் ராஃப் இருவரும் நல்ல வருமானம் தந்த வேலைகளைக் கைவிட்டு 'ஃபவுண்டெம்' என்ற விலை ஒப்பீட்டுத் தளத்தை ஆரம்பித்தனர். ஒரே பொருளைப் பல கடைகள் என்ன விலைக்கு விற்கின்றன என்பதை அத்தளம் காட்டும். அங்கிருந்து ஒருவர் குறித்த கடையின் தளத்துக்குச் சென்றால் ஃபவுண்டெமுக்கு ஒரு சிறு கட்டணம் கிடைக்கும். ஆகவே பார்வையாளர் வருகையே அதன் வருமானம்.

2006 ஜூன் மாதம் தளம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட சில நாட்களுக்குள்ளேயே, கூகிள் தேடல் முடிவுகளில் அதன் பக்கங்கள் யாரும் எட்டிப் பார்க்காத ஆழத்துக்குத் தள்ளப்பட்டன. ஆனால் ஏனைய தேடுபொறிகளில் அதே பக்கங்கள் வழமையான இடத்திலேயே இருந்தன. இந்த ஒப்பீடுதான் அவர்களுக்குக் கிடைத்த முதற் தடயம். தளம் பழுதென்றால் எல்லாத் தேடுபொறிகளும் அதனைத் தள்ளியிருக்க வேண்டும். கூகிளின் கணினி தம்மைத் தவறுதலாகக் குப்பைத் தளமென எடைபோட்டுவிட்டது என்றே அவர்கள் ஆரம்பத்தில் எண்ணினர். முறையிட்டுப் பார்த்தனர். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியும் பயன் கிட்டவில்லை. இதற்கிடையில், 2008 ஆம் ஆண்டில் சனல் 5 தொலைக்காட்சியின் 'த கட்ஜெட் ஷோ' நிகழ்ச்சி, பிரித்தானியாவின் மிகச் சிறந்த விலை ஒப்பீட்டுத் தளம் ஃபவுண்டெம் என்று அறிவித்தது.

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற வகையில் இது எனக்குப் புதிய கதையாகத் தெரியவில்லை. விற்பனை குறைந்தால் முதலில் பழி வருவது ஆசிரியபீடத்தின் மீதுதான். கடைக்காரர் எந்தப் பத்திரிகையை வாசலில் தொங்கவிடுகிறார், எதனை அடியில் வைக்கிறார் என்பதும் விற்பனையைத் தீர்மானிக்கும் என்பதை முகவர்கள் நன்கறிவர். அந்தக் கடைக்காரரே சொந்தமாக ஒரு பத்திரிகையை வெளியிடத் தொடங்கினால் நிலைமை என்னவாகும்?

கூகிள் விடயத்தில் நடந்தது இதுவே. 'ஃபுரூகிள்' என்ற பெயரில் தனது சொந்த விலை ஒப்பீட்டுச் சேவையை அந்நிறுவனம் 2004 இல் ஐரோப்பாவில் ஆரம்பித்தது. பின்னர் அது 'கூகிள் ஷொப்பிங்' ஆயிற்று. 2009 நவம்பரில் ராஃப் தம்பதியர் ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தனர். 2010 நவம்பரில் முறையான விசாரணை தொடங்கியது. 2017 ஜூன் 27 அன்று ஆணைக்குழு கூகிளுக்கு 2.42 பில்லியன் யூரோ அபராதம் விதித்தது. போட்டியாளரைக் கீழே தள்ளும் கணிப்பு விதிகளுக்குத் தனது சேவையை உட்படுத்தாமல், அதனை முடிவுகளின் உச்சியில் வைத்தது என்பதே குற்றச்சாட்டு. சில போட்டித் தளங்களின் வருகை பிரித்தானியாவில் 85 சதவீதமும் ஜேர்மனியில் 92 சதவீதம் வரையும் திடீரென வீழ்ந்திருந்ததை ஆணைக்குழு எடுத்துக்காட்டியது. முதற் பக்கத்திலுள்ள பத்து முடிவுகளே ஏறத்தாழ 95 சதவீதச் சொடுக்குகளைப் பெறுகின்றன என்றும், இரண்டாம் பக்கத்தின் முதல் முடிவுக்கு ஏறத்தாழ ஒரு சதவீதமே கிட்டுகிறது என்றும் அது கூறியது. கூகிள் இக்குற்றச்சாட்டை மறுத்து மேன்முறையீடு செய்தது.

எனினும் எல்லா வீழ்ச்சியும் அநீதியன்று. 2011 பெப்ரவரியில் அமெரிக்காவின் ஜே.சி.பென்னி என்ற பெருங்கடை, தனக்குத் தொடர்பேயில்லாத நூற்றுக்கணக்கான தளங்களில் இடப்பட்ட ஆயிரக்கணக்கான இணைப்புகளின் பலத்தால் தேடலில் முதலிடம் பிடித்திருந்ததை நியூயோர்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. கூகிள் தண்டித்தபோது, ஒரு பயணப்பெட்டிக்கான தேடலில் முதலாம் இடத்திலிருந்த அக்கடை இரண்டு மணி நேரத்தில் 71 ஆம் இடத்துக்குப் போயிற்று. தமக்கு இதுபற்றித் தெரியாது என்ற நிர்வாகம், தேடல் ஆலோசனை நிறுவனத்தை விலக்கியது. அதே மாதத்தில் தரங்குறைந்த தளங்களைக் கீழிறக்க 'பண்டா' எனப்பட்ட மாற்றத்தைக் கூகிள் கொண்டுவந்தது. அமெரிக்கத் தேடல்களில் 11.8 சதவீதமானவற்றின் முடிவுகள் அதனால் மாறின. பிறர் எழுதியதைப் படியெடுத்து நிரப்பிய தளங்கள் பல அதில் அடிபட்டன. அங்கே குறை பாதையில் இருக்கவில்லை, கடையிலேயே இருந்தது.

இவ்விரு வகை வீழ்ச்சிகளையும் எவ்வாறு பிரித்தறிவது? பார்வையாளர் எந்த வழியால் வந்தனர் என்று தனித்தனியே கணக்குப் பார்க்க வேண்டும். எல்லா வழிகளிலும் வரவு குறைந்திருந்தால் பருவகாலம், தளத்தின் கோளாறு, எண்ணும் கருவியின் பிழை ஆகியவற்றை ஆராய்தல் தகும். ஒரு தேடுபொறியில் மட்டும் குறைந்திருந்தால், வீழ்ச்சி நிகழ்ந்த நாளில் அது ஏதேனும் மாற்றம் செய்ததா என்று பார்க்க வேண்டும். செய்திருந்தால், அந்த மாற்றம் எதனைத் தண்டித்ததோ அது நம்மிடம் உண்டா என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கைப் பாராமல் விளம்பரத்துக்குக் கொடுக்கும் பணம், வீழ்ச்சியின் காரணத்தை மேலும் மறைக்கவே உதவும்.

கூகிளின் மேன்முறையீட்டை 2021 நவம்பரில் ஐரோப்பியப் பொது நீதிமன்றமும், 2024 செப்டெம்பர் 10 அன்று ஐரோப்பிய நீதிமன்றமும் நிராகரித்தன. ஃபவுண்டெம் வீழ்ந்து அப்போது 18 ஆண்டுகள் கடந்திருந்தன. அபராதப் பணம் ராஃப் தம்பதியருக்கு உரியதன்று. இழப்பீட்டுக்கு அவர்கள் தனியே வழக்குத் தொடர வேண்டியிருந்தது. ஃபவுண்டெமோ 2016 இலேயே மூடப்பட்டுவிட்டது.

நீதி கிடைத்தது, ஆனால் கடை அதுவரை உயிர்வாழவில்லை. ஒரே பாதையை நம்பியிருக்கும் வர்த்தகர், பார்வையாளர் வரும் நல்ல காலத்திலேயே அவர்களது மின்னஞ்சல் முகவரியைக் கேட்டு வாங்கி, அவர்களோடு நேரடித் தொடர்பை ஏற்படுத்திக்கொள்வது நல்லது. வரவு நின்ற பின்னர் அதனைக் கேட்பதற்கு அங்கே எவரும் இருக்கமாட்டார்கள்.