திறப்பு விழாவுக்குப் பிறகு: விழுப்புரம், திண்டிவனம் நகராட்சிகளில் பூங்காவும் திடலும்

2011 கணக்கெடுப்பின்படி விழுப்புரம் நகராட்சியின் மக்கள்தொகை 96,253. இன்னும் நான்காயிரம் பேர் இருந்திருந்தால், 2015 ஜூனில் மத்திய அரசு நகர உட்கட்டமைப்புக்காகத் தொடங்கிய அம்ருத் திட்டத்துக்கு அந்த ஊர் தகுதி பெற்றிருக்கும். ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை என்பதே அதன் முதன்மை அளவுகோல். திட்டத் தொகையில் 2.5 விழுக்காடு வரை பூங்காக்களுக்குச் செலவிட அதில் வழியிருந்தது. அதே கணக்கெடுப்பில் 72,796 பேர் இருந்த திண்டிவனம் அந்தக் கோட்டுக்கு அருகில்கூட வரவில்லை. 2021 அக்டோபரில் வந்த அம்ருத் 2.0 எல்லா நகரங்களையும் சேர்த்துக்கொண்டபோது ஆறு ஆண்டுகள் போயிருந்தன. இரண்டு ஊர்களிலும் பசுமைவெளி குறைவாக இருப்பதற்கு இந்த நிதி இழப்பைக் காரணமாகக் காட்டுவது எளிது. ஆனால் அது பாதிக் காரணம்கூட இல்லை. பூங்கா அமைக்கும் பணம் ஏதாவதொரு திட்டத்தின் பெயரில் என்றைக்காவது வந்துசேர்ந்துவிடுகிறது. அமைத்த பூங்காவை வைத்துக் காப்பாற்றும் பணத்தைப் பற்றித்தான் நகர்மன்றம் முடிவெடுப்பதே இல்லை.

சட்டத்தில் குழப்பம் ஏதுமில்லை. 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் சேர்த்த பன்னிரண்டாவது அட்டவணையின் 18 பணிகளில் பூங்கா, தோட்டம், விளையாட்டிடம் ஆகியவை ஒரே இனமாக உள்ளன. தமிழ்நாட்டில் 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமே நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. 1998இல் இயற்றப்பட்ட நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில்தான் விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. பூங்கா நகராட்சியின் பொறுப்பு என்பதில் மட்டும் இந்தச் சட்டங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

சிக்கல் கணக்குத் தலைப்பில் இருக்கிறது. பதினைந்தாவது நிதிக்குழு, பத்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு 2021-26 காலத்தில் அளித்த மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் கட்டிப்போட்டது. மீதி 40 விழுக்காட்டை உள்ளூர்த் தேவைக்குச் செலவிடலாம் என்றது. சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் அதைத் தொடக் கூடாது என்றும் சொன்னது. இதன்படி ஊஞ்சல் வாங்கலாம், நடைபாதைக்குக் கல் பதிக்கலாம். காலையில் கதவைத் திறந்து, மோட்டார் போட்டு, செடிக்குத் தண்ணீர் விட்டு, இரவு பூட்டிச் செல்லும் ஆளை நகராட்சி தன் ஊழியராக வைத்து இந்தப் பணத்தில் சம்பளம் தர முடியாது. வெளி ஒப்பந்தம் விடலாம் என்பார்கள். ஒப்பந்தக்காரரின் பில்லும் ஆண்டுதோறும் வந்துகொண்டுதான் இருக்கும். அதற்கும் ஒரு தலைப்பு வேண்டும். அந்தச் சுமை கடைசியில் வீட்டுவரி வந்து விழும் பொது நிதியின் தலையில் ஏறுகிறது. அங்கே சம்பளம், ஓய்வூதியம், தெருவிளக்குக் கட்டணம் எல்லாம் ஏற்கெனவே வரிசையில் நிற்கின்றன.

மன்றக் கூட்டத்தின் அஜெண்டாவைப் பார்த்தால் இது கண்ணாடிபோல் தெரியும். பூங்கா அமைக்கும் பொருள் விரிவாக எழுதப்படும்: எந்தத் திட்டம், மதிப்பீடு எவ்வளவு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி. ‘மன்றத்தின் அனுமதிக்கு’ என்று முடியும். கவுன்சிலர்கள் கை தட்டி நிறைவேற்றுவார்கள். பிறகு கல்வெட்டில் பெயர் வரும். மோட்டார் பழுது பார்ப்பதும் புல் வெட்டுவதும் சில்லறைச் செலவுப் பட்டியலில் ஒரு வரியாக வந்து, படிக்காமலே ‘அங்கீகரிக்கப்பட்டது’ ஆகும். மூன்றாண்டில் ஊஞ்சலின் சங்கிலி அறுந்து தொங்குவதற்கு யாரும் எதிர்த்து வாக்களித்திருக்க மாட்டார்கள். கட்சி மாறினாலும் இந்த வழக்கம் மாறுவதில்லை. 2016இல் ஊராட்சிகளுக்கு அறிவிக்கப்பட்ட அம்மா பூங்காவும் தலா 20 லட்சம் ரூபாய் என்ற கட்டுமானக் கணக்கில்தான் பேசப்பட்டது.

இந்த அலட்சியம் தெரியும் இரண்டாவது இடம் மனைப்பிரிவுகள். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்து விழுக்காட்டைப் பொது ஒதுக்கீட்டு இடமாக விட வேண்டும். அது தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு வந்துசேரும். விழுப்புரத்தில் சாலாமேடு, வழுதரெட்டிப் பக்கமும் திண்டிவனத்தில் நெடுஞ்சாலைகளை ஒட்டியும் ஊர் பரவிய வேகத்தை எண்ணினால், இந்தப் பத்து விழுக்காட்டுத் துண்டுகள்தான் இரு நகராட்சிகளுக்கும் விலையில்லாமல் கிடைக்கும் பசுமை நிலம். வரைபடத்தில் பச்சை வண்ணம் பூசிய அந்த இடத்தில் வேலியும் பலகையும் இல்லையென்றால் என்ன நடக்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்: முதலில் மணல் குவியும், பிறகு வண்டி நிற்கும், பிறகு சின்னதாக ஒரு கோயில். பூங்காவுக்கு விட்ட இடத்தை மருத்துவமனை கட்டக்கூடத் திருப்பிவிட முடியாது என்று 1991இல் பெங்களூர் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் பூங்கா, விளையாட்டிடம், திறந்தவெளிகளைக் காக்க 1959ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் உண்டு. சட்டம் இத்தனை வலுவாக இருக்கும் ஊரில் மன்றம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தன் பெயரில் எத்தனை துண்டு நிலம் உள்ளது என்ற பட்டியலைச் சர்வே எண்ணோடு தீர்மானமாகப் பதிவுசெய்து வெளியிடுவது. அதற்கு எந்தத் திட்டத்தின் பணமும் தேவையில்லை.

திடலின் கதை வேறு. விழுப்புரம் நகராட்சித் திடலில் பொதுக்கூட்டம் நடத்தாத கட்சி அநேகமாக இல்லை. திடல் வாடகை கொண்டுவருகிறது. ஆகவே அதற்கு ஒரு கணக்குத் தலைப்பு இருக்கிறது, பசுமைக்கு இல்லாத மரியாதையும் இருக்கிறது. நகராட்சித் திடல் எதிலும் கூட்டம் முடிந்த மறுநாள் காலை போய்ப் பார்க்கலாம். பந்தல் கால் நட்ட குழிகள் மூடாமல் கிடக்கும். தண்ணீர் பாக்கெட்டும் கிழிந்த கொடித் தோரணமும் ஓரத்தில் ஒதுங்கியிருக்கும். மாலையில் பந்து விளையாட வரும் பையன்களின் கால் சிக்குவது அந்தக் குழிகளில்தான். திடலின் வாடகை பொது நிதியில் கரைகிறது; குழியை மூடும் செலவு யாருடையது என்று எழுதப்படுவதில்லை.

ஆகவே என் பரிந்துரை, திடல், சமுதாயக் கூடம், திருமண மண்டபம் ஆகியவற்றின் வருவாயையும் பூங்காப் பராமரிப்பையும் ஒரே கணக்கில் இணைத்து மன்றம் தீர்மானம் போட வேண்டும் என்பது. இதற்கு வலுவான மறுப்பு ஒன்றுண்டு. பூங்காவின் தண்ணீர் திடலின் வாடகையை நம்பியிருந்தால், திடலை ஓயாமல் வாடகைக்கு விடும் ஆசை பெருகும். விளையாடும் பிள்ளைகள் வெளியே நிற்பார்கள். 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கத் தீர்மானம் போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றதை மறக்க முடியாது. எனவே அதே தீர்மானத்தில் ஆண்டுக்கு எத்தனை நாள் வரை வாடகைக்கு விடலாம் என்ற உச்சவரம்பும் இருக்க வேண்டும். முன்வைப்புத் தொகையைக் குழி மூடிய பிறகே திருப்பித் தர வேண்டும்.

கட்டணத்தைவிட முக்கியமானது திடலும் கூடமும் யாருக்குக் கிடைக்கின்றன என்பது. 1978 ஜூலையில் 12 தலித்துகள் கொல்லப்பட்ட நகரம் விழுப்புரம். அதன் அருகிலேயே மேல்பாதியில் 2023இல் தலித்துகளின் நுழைவை எதிர்த்து எழுந்த தகராறில் கோயில் பூட்டி முத்திரையிடப்பட்டது. இத்தகைய வட்டாரத்தில் பொதுக்கூடத்தின் முன்பதிவு வெறும் அலுவலக வேலை அல்ல. யார் எந்தத் தேதிக்கு விண்ணப்பித்தார், யாருக்குக் கிடைத்தது, மறுத்திருந்தால் ஏன் என்ற பதிவேடு அலுவலகச் சுவரில் தொங்க வேண்டும். 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்திலிருந்து கூடத் தொடங்கிய பகுதி சபைகள் இந்தப் பதிவேட்டைக் கேட்டு வாங்கும் இடமாகலாம். 2022 ஏப்ரலில் 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு 25 விழுக்காடும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 100 விழுக்காடும் வரி ஏறியது. அதைக் கட்டுகிறவர்கள் கேட்பதில் தவறில்லை.

இனி அளவைப் பற்றி. மத்திய அரசின் நகரத் திட்டமிடல் வழிகாட்டுதல் ஆளுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்கிறது. குறைந்த அளவை எடுத்தாலும் விழுப்புரத்துக்குச் சுமார் 240 ஏக்கர், திண்டிவனத்துக்கு 180 ஏக்கர். எந்த நகராட்சியும் இதை விலைக்கு வாங்க முடியாது. வாங்கத் தேவையும் இல்லை. நடுநாடு எனப்படும் இந்த வட்டாரத்து ஊர்களில் திறந்தவெளி என்பது காலங்காலமாக ஏரிக்கரையும் குளக்கரையும்தான். திண்டிவனத்தின் கிடங்கல், சங்ககால ஓய்மா நாட்டுக் கிடங்கிலின் எச்சம். கோட்டையும் நீரும் சேர்ந்த ஊர். அந்த இடங்களை நாம் என்ன செய்தோம் என்பதற்கு விழுப்புரம் புதிய பேருந்து நிலையமே சாட்சி. ஏரி நிலத்தில் எழுந்த அது, மழைக்காலந்தோறும் ஏரியாகவே மாறப் பார்க்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது திண்டிவனத்துக்கு அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவில் மழை கொட்டியது. இத்தகைய மழையை ஏற்கும் பூங்காவை அலங்காரம் என்று ஒதுக்க முடியுமா?

அங்கே என்ன நடுவது என்பதற்கும் வெளியூர் ஆலோசகர் தேவையில்லை. இதே மாவட்டத்து ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் காட்டுக் குழுவினர்தான் சென்னையின் அடையாறு பூங்காவை மீட்டெடுத்தனர். 2011இல் அது திறக்கப்பட்டது. இந்தக் கடற்கரை வட்டாரத்துக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டு மரங்களின் நாற்று ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கிறது. வேர் பிடித்தபின் அவை நாள்தோறும் தண்ணீர் கேட்பதில்லை, புல்தரை கேட்கும். பராமரிப்புக் கணக்கில் இடிக்கும் இடத்தில் இந்த வித்தியாசம் சிறிதல்ல. ஆனாலும் ஒப்பந்தப்புள்ளிகளில் ‘கொரியன் புல்’ என்றே எழுதுகிறார்கள்.

ஒரு தடையை ஒப்புக்கொள்ள வேண்டும். பெரிய ஏரிகள் நீர்வளத் துறையின் கையில் உள்ளன; கரையில் நடைபாதை போடவும் தடையின்மைச் சான்று வேண்டும், அது எளிதில் வராது. நகராட்சியின் சொந்தக் குளங்கள், மனைப்பிரிவுத் துண்டுகள், திடல் ஆகிய மூன்றும் அப்படியல்ல. அவற்றின் சாவி நகராட்சி அலுவலகத்திலேயே இருக்கிறது. வரும் வரவு செலவுத் திட்டக் கூட்டத்தில் ‘பூங்கா, திடல் பராமரிப்பு’ என்று ஒரு தலைப்பைத் திறந்து, திடல் வாடகையை அதில் வரவு வைக்க எந்த நகர்மன்றமும் சென்னையைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.