மிமூனின் கால்

விளையாட்டு வீரரின் வாழ்வை மாணவர்க்கு எடுத்துரைக்கும்போது, வீழ்ந்தவன் எழுந்தான், மனவுறுதியால் வென்றான் என்று கூறி நாம் முடித்துவிடுகிறோம். அவனை வீழ்த்தியது யாது என வினவ மறந்துவிடுகிறோம். நெடுந்தூர ஓட்ட வீரர் அலேன் மிமூனின் வரலாறு அவ்வினாவைத் தவிர்க்க இடந்தருவதில்லை.

பிரான்சின் ஆட்சிக்குட்பட்டிருந்த அல்ஜீரியாவில், 1921இல், ஏழைக் குடியானவர் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். கல்வியில் சிறந்து விளங்கியும் புலமைப்பரிசில் அவருக்கு மறுக்கப்பட்டது. குடியேறிய ஐரோப்பியரின் பிள்ளைகளுக்கே அது வழங்கப்பட்டதென அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். பள்ளிக்கூடம் கைவிட்ட இளைஞரைப் பட்டாளம் ஏற்றுக்கொண்டது.

1944 ஜனவரியில், இத்தாலியின் மொன்டி கசினோப் போரில், எறிகணை அவரது காலைச் சிதைத்தது. பிரான்சின் பெயரால் அங்கு குருதி சிந்திய படையினரிற் பெரும்பாலோர் வட ஆபிரிக்க மக்களே என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். காலைத் துண்டிப்பதே வழி என்றிருந்த நிலையில், நேப்பிள்ஸ் நகர மருத்துவமனையில் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் அதனைக் காப்பாற்றினார்.

போர் முடிந்தபின் மிமூன் பாரிசில் விளையாட்டுக் கழகமொன்றின் உணவுச்சாலையிற் பரிமாறுபவராக வேலை செய்தார். நெடுநேரம் நின்று உழைத்த அதே காலுடன் ஓடவும் பயின்றார். 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கில் 10,000 மீற்றர் ஓட்டத்தில் இரண்டாமிடம். 1952இல் ஹெல்சிங்கியில் 5,000, 10,000 மீற்றர் இரண்டிலும் இரண்டாமிடம். மூன்று முறையும் அவரை முந்தியவர், முன்னாட் சப்பாத்துத் தொழிற்சாலைத் தொழிலாளியான செக் வீரர் எமில் சட்டோபெக். பின்னர் இடுப்பிலிருந்து காலுக்கிறங்கும் நரம்பு வலி மிமூனை வருத்தியது. அவர் காலம் முடிந்ததெனப் பலர் எண்ணினர்.

1956 டிசம்பர் 1ஆம் நாள், மெல்போனில், தமது 35ஆம் வயதில், அவர் முதன்முறையாக மரதன் ஓட்டத்தில் இறங்கினார். வெயில் கடுமையாக இருந்தது. 2 மணி 25 நிமிடத்தில் முதல்வராக வந்தார். ஆயினும் களத்தை விட்டகலவில்லை. சட்டோபெக்கிற்காகக் காத்து நின்றார். சில வாரங்களுக்கு முன்னர்தான் குடலிறக்கச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட சட்டோபெக் ஆறாவதாக வந்து சேர்ந்தார். நண்பரின் வெற்றியை அறிந்ததும் படைவீரர் போல் வணக்கம் செலுத்தி அவரைத் தழுவிக்கொண்டார்.

அவ்வேளை அல்ஜீரிய விடுதலைப் போர் மூன்றாம் ஆண்டில் நடந்துகொண்டிருந்தது. பிரான்சு அவரைத் தன் மைந்தரெனக் கொண்டாடியது. அவரும் பிரான்சின் பக்கமே நின்றார். இதை நாம் மறைக்கவேண்டியதில்லை. ஆனால் அவருக்கு முன்னர், 1928இல், அதே மரதன் வெற்றியைப் பிரான்சுக்கு ஈட்டித்தந்த அல்ஜீரியர் எல் வாபி, அந்நாட்டினால் மறக்கப்பட்டு, வறியவராகவே 1959இல் மாண்டார். ஓடும்வரை மைந்தன், ஓய்ந்தபின் அந்நியன் என்பதே ஏகாதிபத்தியம் கொண்டிருந்த உறவு.

மிமூனின் உறுதியை நாம் போற்றுவோம். 2013இல் அவர் மறையும்வரை அந்த வடுக்கள் அவருடன் இருந்தன. வகுப்பறையில் அவர் கதையைச் சொல்லும் ஆசிரியர், பதக்கத்தோடு அவ்வடுக்களையும் காட்டுவாராக. அவை எவருடைய போரில் ஏற்பட்டவை என்பதையும், ஆசிரியராகியிருக்கக்கூடிய ஒரு சிறுவனுக்குப் புலமைப்பரிசில் ஏன் மறுக்கப்பட்டது என்பதையும் மாணவர் கேட்கட்டும்.